குரல் ஏன் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது: 5.1 பிராசசரின் சேனல் கோளாறுகள்

ஒரு கச்சேரிப் பதிவை 5.1-இல் (முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு மட்டும் ஆறாவதாக ஒரு சேனல்) மிக்ஸ் செய்து முடித்து, பிராசசர் வழியாக டால்பி டிஜிட்டல் கோப்பாக்கி, கேட்க வந்தவர்களை உட்கார வைத்து பிளே அமுக்கினேன். பாடகரின் குரல் என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நடு ஸ்பீக்கரில் சபாவின் இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும். வந்தவர்களில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "பின்னாடி யாரு தம்பி பாடுறது?" என்று கேட்டார்.

மிக்ஸில் ஒரு தப்பும் இல்லை. சேனல்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். அது புரிவதற்குள் ரிவர்பையும் பேனிங்கையும் ஒரு மணி நேரம் நோண்டி, நன்றாக இருந்த மிக்ஸைக் கெடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: அறிகுறி எது என்று முதலில் பார்ப்பது, ஃபேடரைக் கடைசியில் தொடுவது.

இங்கே பிராசசர் என்று நான் சொல்வது, மிக்ஸிலிருந்து வரும் ஆறு தனிச் சேனல்களை வாங்கி ஒரே கோப்பாகக் கட்டும் என்கோடரை. ரேக்கில் மாட்டும் பெட்டியாக இருக்கலாம், கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேராகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் மிக்ஸிங் சாஃப்ட்வேர், பின்னால் ஏவி ரிசீவர். சேனல் வரிசை, லெவல், டிலே, பாஸ் வடிகட்டல் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றிலும் தனித்தனி அமைப்பு உண்டு. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ததால் வந்தவை. மிச்சம், அந்த இடத்தில் நடக்கும் என்று நம்பி எந்த இடத்திலும் செய்யாமல் விட்டவை.

முதலில் ஒரு டெஸ்ட் கோப்பு

எந்தக் கோளாறாக இருந்தாலும் பாட்டை வைத்துத் தேடாதீர்கள். ஒரு டெஸ்ட் கோப்பு தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேனலிலும் பத்து செகண்ட்: முதலில் உங்கள் குரலில் "இடது முன்", "வலது முன்", "நடு", "இடது பின்", "வலது பின்" என்று பெயர், அதைத் தொடர்ந்து மைனஸ் 20 டெசிபலில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்). ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் ஒலிக்க வேண்டும்.

எல்எஃப்இ, அதாவது தாழ்ந்த ஒலிக்கான அந்த ஆறாவது சேனலில் மட்டும் குரல் பயன்படாது. அங்கே 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. நீங்கள் என்ன பேசினாலும் பக்கத்து வீட்டில் யாரோ உறுமுவது போலத்தான் கேட்கும். அதற்குப் பதில் 40 ஹெர்ட்ஸ் டோனை விட்டு விட்டு மூன்று முறை போடுங்கள். 50 ஹெர்ட்ஸ் வேண்டாம். நம் மின்சாரமே 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத அறையில் ஹம் எது, டோன் எது என்று குழம்பிப் போவீர்கள்.

இந்தக் கோப்பை மிக்ஸிங் சாஃப்ட்வேரிலிருந்து நேராக ஒரு முறையும், என்கோட் செய்து ரிசீவர் வழியாக ஒரு முறையும் கேளுங்கள். நேராகக் கேட்கும்போதே தவறு என்றால் கோளாறு மிக்ஸ் பக்கத்திலோ ஸ்பீக்கர் கேபிளிலோ. அது சரியாக இருந்து, என்கோட் செய்ததில் மட்டும் தவறு என்றால் பிராசசரிலோ ரிசீவரிலோ. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

ரிசீவரில் "ஸ்டீரியோ", "ஹால்", "ஸ்டேடியம்" மாதிரி எஃபெக்ட் ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் பார்த்து அணைத்துவிடுங்கள். அது ஓடும்வரை எந்த டெஸ்டையும் நம்ப முடியாது.

குரல் நடுவில் இல்லை, வேறெங்கோ கேட்கிறது

ஆறு சேனலை அடுக்குவதற்கு உலகத்தில் ஒரே வரிசை இல்லை. மூன்று வழக்கங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, வீடியோவும் ஒளிபரப்பும் சார்ந்தவர்கள் பயன்படுத்தும் எஸ்எம்பிடிஇ (சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கம்) வரிசை: இடது, வலது, நடு, எல்எஃப்இ, இடது பின், வலது பின். இரண்டாவது, சினிமா மிக்ஸிங் வரிசை. திரையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இடது, நடு, வலது. பிறகு இடது பின், வலது பின், கடைசியில் எல்எஃப்இ. மூன்றாவது, டால்பி மாதிரி இன்னொரு சரவுண்ட் முறையான டிடிஎஸ் வழக்கம்: இடது, வலது, இடது பின், வலது பின், நடு, எல்எஃப்இ.

மிக்ஸ் ஒரு வரிசையில் வெளியே வந்து, பிராசசர் அதை வேறு வரிசையாக எடுத்துக்கொண்டால் கலக்கம்தான். ஆனால் அந்தக் கலக்கத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த வரிசை எதுவாகப் படிக்கப்பட்டது என்பதைக் காதே சொல்லிவிடும்.

குரல் வலது முன் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, வலதில் இருக்க வேண்டியது நடுவில் கேட்கிறது, வலது பின் ஸ்பீக்கர் வெறுமனே "தொம் தொம்" என்று உறுமுகிறது என்றால், சினிமா வரிசையில் வந்த கோப்பை எஸ்எம்பிடிஇ என்று பிராசசர் படித்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் இருந்த நடு, வலதாகிவிட்டது. நாலாவது இடத்தில் இருந்த இடது பின் சப்வூஃபருக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஆறாவதாக வந்த எல்எஃப்இ வலது பின்னால் போய்விட்டது.

குரல் இடது பின்னால், அரங்கச் சத்தம் நடுவில், வலது பின் அமைதி என்றால் டிடிஎஸ் வரிசையை எஸ்எம்பிடிஇ என்று படித்திருக்கிறது. எனக்கு அன்று நடந்தது இந்த அறிகுறிதான். வலது பின் ஏன் அமைதி? கச்சேரி மிக்ஸில் எல்எஃப்இ-யில் நான் எதையும் வைக்கவில்லை. அந்தக் காலிச் சேனல்தான் அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆனால் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அன்று இருந்தது உண்மையில் அதுதான். ரேக் பெட்டி என்கோடர்களில் பொதுவாக டிஜிட்டல் கேபிள்கள் ஜோடி ஜோடியாக மூன்று வரும்: இடது-வலது ஒன்று, நடு-எல்எஃப்இ ஒன்று, பின் இரண்டும் ஒன்று. இரண்டாவது கேபிளும் மூன்றாவது கேபிளும் மாறி மாட்டப்பட்டால் விளைவு அச்சு அசல் டிடிஎஸ் வரிசை மாதிரியே இருக்கும். மெனுவில் வரிசையை மாற்றினாலும் "சரியாகிவிடும்". அப்படிச் சரி செய்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் கேபிளை ஒழுங்காக மாட்டுவார், அப்போது எல்லாம் மறுபடி மாறும். அதனால் மெனுவைத் தொடுவதற்கு முன் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பையன் ரேக்குக்குப் பின்னால் தலையை விட்டுவிட்டு, "அண்ணே, ரெண்டும் மூணும் மாறியிருக்குண்ணே" என்று கத்தியபோது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து எரிச்சல்.

மூன்றாவதாக ஒரு வினோதமான கேஸ். குரல் இடது முன்னால், சப்வூஃபர் சத்தம் நடு ஸ்பீக்கரில், வலது முன்னால் வரவேண்டியது இடது பின்னால், ஆனால் வலது பின் மட்டும் மிகச் சரியாக அதன் இடத்தில் இருக்கிறது. ஆறு தனித்தனி மோனோ கோப்புகளைக் கொடுத்தால் சில சாஃப்ட்வேர்கள் அவற்றைப் பெயரின் ஆங்கில அகர வரிசையில் அடுக்கிக்கொள்ளும். சி, எல், எல்எஃப்இ, எல்எஸ், ஆர், ஆர்எஸ் என்று வரும். கடைசி ஆர்எஸ் மட்டும் தற்செயலாக எஸ்எம்பிடிஇ-யோடு ஒத்துப்போகிறது. கோப்புப் பெயருக்கு முன்னால் 1 முதல் 6 வரை எண் போட்டுவிட்டால் தொல்லை விட்டது.

சரியான வரிசை எது என்று என்னைக் கேட்டால், கடைசியாகக் கோப்பை வாங்கப் போகிறவர் எதைக் கேட்கிறாரோ அதுதான். கொடுக்கும்போது கோப்போடு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். டெஸ்ட் குரலையும் தனிக் கோப்பாகக் கூடவே அனுப்புங்கள்.

பாஸ் வீட்டையே ஆட்டுகிறது, அல்லது சப்வூஃபர் செத்துக் கிடக்கிறது

இந்த ஒரு விஷயத்தில் அனுபவசாலிகளே தடுமாறிப் பார்த்திருக்கிறேன். காரணம் அந்தப் புகழ்பெற்ற 10 டெசிபல்.

எல்எஃப்இ சேனலைக் கோப்பில் பதியும்போது, கேட்கப்படும் அளவைவிட 10 டெசிபல் குறைவாகப் பதிவது ஏற்பாடு. கேட்கும் இடத்தில் அந்த 10 டெசிபல் திரும்பக் கூட்டப்படும். கனமான வெடிச் சத்தங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் செய்தது. சிக்கல், அதை யார் கூட்டுவது என்பதில். மானிட்டர் கன்ட்ரோலர் (மிக்ஸிங் அறை ஸ்பீக்கர்களின் லெவலைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கூட்டி, ரிசீவரும் கூட்டினால் 20 டெசிபல். பவர் ஆம்ப் மீது பரிதாபப்படலாம். இரண்டுமே கூட்டாவிட்டால் மிக்ஸ் செய்பவர் "பாஸ் போதவில்லை" என்று ஃபேடரை 10 டெசிபல் ஏற்றுவார். கோப்பு தியேட்டருக்கோ வீட்டுக்கோ போனதும் அங்கே இருப்பவர்களின் கண்ணாடி அதிரும். உங்கள் அறையில் அதைச் செய்வது எந்தப் பெட்டி என்று முடிவு செய்து, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, சத்தத்தை அளக்கும் எஸ்பிஎல் மீட்டரை வைத்து அளப்பதில் ஒரு பொறி. முன் ஸ்பீக்கரில் முழு அலைவரிசை பிங்க் நாய்ஸை விட்டு, சி வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்து அளந்தால், பெரிய சினிமா மிக்ஸிங் அறையில் 85 டெசிபல் இருக்க வேண்டும். எல்எஃப்இ "10 டெசிபல் கூட" என்பதால் சப்வூஃபரை 95 காட்டும்வரை ஏற்றுகிறவர்கள் உண்டு. அது தவறு. எல்எஃப்இ-யில் போவது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிறு துண்டு மட்டும்தான். 10 டெசிபல் வித்தியாசம் அந்தத் துண்டுக்குள் மட்டும் பார்க்க வேண்டியது. அலைவரிசை அனலைசரில்தான் அது தெரியும். சாதாரண எஸ்பிஎல் மீட்டர் மொத்த ஆற்றலைக் கூட்டிக் காட்டுவதால், அதில் எல்எஃப்இ முன் ஸ்பீக்கரைவிட ஏறக்குறைய 4 டெசிபல்தான் கூடுதலாகக் காட்ட வேண்டும். 85-க்கு 89. 95 வரை ஏற்றினவர் 6 டெசிபல் அதிகமாக வைத்துவிட்டார். அதன் விளைவாக அந்த அறையில் செய்யும் ஒவ்வொரு மிக்ஸும் வெளியே போனதும் பாஸ் இல்லாமல் சப்பென்று இருக்கும்.

சின்ன அறைக்கு 85 வேண்டாம், காது வலிக்கும். 76 முதல் 79 வரை போதும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே எண்ணைக் காட்டுவதுதான் அந்த எண்ணைவிட முக்கியம்.

இப்போது எல்எஃப்இ சேனலை மியூட் செய்யுங்கள். அப்படியும் சப்வூஃபர் அடிக்கிறதா? பயப்பட வேண்டாம், அது பாஸ் மேனேஜ்மென்ட். ஸ்பீக்கர்களை "சின்னது" என்று ரிசீவரில் குறித்திருந்தால், ஐந்து சேனல்களிலும் 80 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டி சப்வூஃபருக்கு அனுப்பும். எல்எஃப்இ என்பது ஒரு சேனல். சப்வூஃபர் என்பது ஒரு ஸ்பீக்கர். இரண்டும் ஒன்றல்ல என்பது மண்டையில் ஏறிவிட்டால் பாஸ் பிரச்சினைகளில் பாதி தானே தீரும்.

இதனால்தான் 10 டெசிபலை சப்வூஃபரின் பின்புறக் குமிழைத் திருகி ஏற்றக் கூடாது. திருகினால் எல்எஃப்இ-யோடு சேர்ந்து, மற்ற ஐந்திலிருந்தும் வடிந்து வந்த பாஸும் 10 டெசிபல் ஏறிவிடும். கச்சேரிப் பதிவில் இதன் அடையாளம் சட்டென்று தெரியும்: மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தவில் மாதிரி ஒலிக்கும். கூட்டல் எல்எஃப்இ சேனலில் மட்டும், மற்றவற்றோடு கலப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.

நேர்மாறாக, சப்வூஃபர் மந்தமாக, மேல்பகுதியில் ஓட்டை விழுந்தது போல் கேட்டால், அதன் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழைப் பாருங்கள் (எந்த அலைவரிசைக்கு மேலே வெட்டுவது என்று வைப்பது). என்கோடர் 120-இல் ஏற்கெனவே வெட்டியிருக்கும். குமிழ் 80-இல் இருந்தால் இடைப்பட்ட பகுதி எங்கும் வராது. குமிழை மேலே கடைசிவரை திருப்புங்கள், அல்லது பைபாஸ் ஸ்விட்ச் இருந்தால் போடுங்கள்.

ஸ்டீரியோவாகச் சுருக்கிக் கேட்கும்போது பாஸ் காணாமல் போகிறது என்றால் அது கோளாறு அல்ல. டால்பி டிஜிட்டலை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது எல்எஃப்இ தூக்கி எறியப்படும். இழக்க முடியாத எதையும் எல்எஃப்இ-யில் மட்டும் வைக்காதீர்கள். இசைக்கு நான் அந்தச் சேனலைக் காலியாகவே விடுகிறேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பின் ஸ்பீக்கர்கள் வாயே திறக்கவில்லை

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, என்கோடரின் சேனல் மோடு. 2/0 என்று இருந்தால் ஸ்டீரியோ மட்டும். முன்னால் மூன்று பின்னால் இரண்டு என்பதற்கு 3/2 வேண்டும். எல்எஃப்இ-க்குத் தனி டிக். முந்தைய வேலைக்கு ஸ்டீரியோ செய்தவர் மாற்றாமல் விட்டிருப்பார்.

இரண்டு, ஆப்டிகல் கேபிள். அதில் என்கோட் ஆன 5.1 போகும், ஆனால் சுருக்காத பிசிஎம் என்றால் இரண்டு சேனல் மட்டும்தான் போகும். கம்ப்யூட்டரிலிருந்து ஆப்டிகல் வழியாக ஆறு சேனல் வேவ் கோப்பை ஓட்டிவிட்டு "பிராசசர் பின் சேனலைத் தின்றுவிட்டது" என்று புலம்புவதில் பயனில்லை. எச்டிஎம்ஐ எட்டு சேனல் பிசிஎம்மையும் தாங்கும்.

மூன்று, பிளேயரின் ஆடியோ வெளியீடு "பிசிஎம்" என்று இருக்கிறதா, "பிட்ஸ்ட்ரீம்" (என்கோட் ஆனதை அப்படியே அனுப்புவது) என்று இருக்கிறதா. ஆப்டிகலில் பிசிஎம் என்று வைத்தால் பிளேயரே ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பிவிடும். ரிசீவர் திரையில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்து வந்தால்தான் அது என்கோட் ஆன வடிவில் வந்து சேர்கிறது.

பின்னாலிருப்பது முந்திக்கொள்கிறது, மிருதங்கம் இரட்டிக்கிறது

இரண்டும் டிலே சம்பந்தப்பட்டவை. ஆனால் இடம் வேறு.

பின் ஸ்பீக்கர் முந்துவது கேட்கும் பக்கத்துப் பிரச்சினை. ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். பின் ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு ஒன்றரை மீட்டரிலும் முன் ஸ்பீக்கர்கள் மூன்று மீட்டரிலும் இருந்தால், பின்னாலிருந்து வருவது 4 மில்லி செகண்டுக்கு மேல் முன்னதாகவே வந்து சேரும். தூரத்தில் இருப்பதற்கு ஒத்துப்போக, அருகில் இருப்பதைத் தாமதிக்க வேண்டும். தூரத்தைக் கொடுத்தால் ரிசீவரே கணக்குப் போட்டுக்கொள்ளும். பிழை எங்கே வரும் என்றால், அடி என்று காட்டும் பெட்டியில் மீட்டர் எண்ணைப் போடுவது. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே தவறைச் செய்திருக்கிறோமே என்று விட முடியாது. 3 அடிக்கும் 1.5 அடிக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர்கூட இல்லை. அதனால் 4.4 மில்லி செகண்டுக்குப் பதில் 1.3 மட்டும்தான் திருத்தப்படும். மிச்சம் 3 மில்லி செகண்ட் பின் ஸ்பீக்கர் முந்திக்கொண்டே இருக்கும்.

இந்த டிலேயை ரிசீவரில் மட்டும் வையுங்கள். மிக்ஸில் உங்கள் அறைக்காக டிலே போட்டு அதைக் கோப்பில் பதித்துவிட்டால், கேட்பவரின் ரிசீவர் அவர் வீட்டுக்கு ஏற்ற டிலேயை அதன் மேல் மறுபடி போடும்.

மிருதங்கம் இரட்டிப்பது பதிவுப் பக்கத்து விஷயம். மேடைக்கு முன்னால் உயரத்தில் ஒரு மைக் கூட்டம், அதாவது டெக்கா ட்ரீ மாதிரி மூன்று மைக்கோ, ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் ஃபுகாதா வகுத்த ஃபுகாதா ட்ரீ மாதிரி கூடுதலோ வைத்திருப்பீர்கள். தவிர மிருதங்கத்துக்கு அருகில் ஒரு ஸ்பாட் மைக். பிரதான மைக் மிருதங்கத்திலிருந்து 6 மீட்டர் என்றால் அதற்கு ஒலி வந்து சேர 17 மில்லி செகண்ட் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 830 சாம்பிள் போல. திருத்தாமல் இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும். "தி" "திதி" ஆகும். வேகமான கோர்வையில் வித்வான் தடுமாறியது போலவே கேட்கும். அவர் கேட்டால் நம்மை விடமாட்டார்.

டேப் வைத்து அளப்பதைவிட எளிய வழி: பதிவுக்கு முன், ஒவ்வொரு ஸ்பாட் மைக்குக்கும் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கைதட்டு. மிக்ஸில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு டிராக்கிலும் அந்தக் கூர்முனை தெரியும். இடைவெளியை எண்ணி ஸ்பாட் டிராக்கை அவ்வளவு தள்ளி வையுங்கள். நான் கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் கூடவே தள்ளுவேன். பிரதான மைக் முதலில் வந்தால் காது அங்கேயே திசையைப் பிடித்துக்கொள்ளும், ஸ்பாட் தெளிவை மட்டும் சேர்க்கும்.

அரங்கச் சத்தத்துக்கு வைக்கும் பின் மைக்குகளை ஸ்பாட் மாதிரி ஒத்திசைக்கக் கூடாது. அந்தத் தாமதம்தான் சபா எவ்வளவு பெரியது என்று காதுக்குச் சொல்வது. ஹமாசாகி சதுரம் எனப்படும் ஏற்பாட்டில் '8' வடிவ மைக்குகள் (முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு) நாலைச் சதுரமாக வைத்து, அவற்றின் செவிட்டுப் பக்கம் மேடையைப் பார்க்கும்படி திருப்பி வைப்பதே மேடையின் நேரடி ஒலி பின் சேனலில் ஏறாமல் இருக்கத்தான். பின்னால் பாட்டு நேரடியாகக் கேட்கிறது என்றால் டிலேயைத் தேடுவதற்கு முன் அந்த மைக்குகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். கூட்டத்தில் யாராவது ஸ்டாண்டை இடித்துத் திருப்பியிருப்பார்கள். பின் மைக்குகளின் கெயின் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. ரெக்கார்டரில் லிங்க் போடாமல் தனித்தனியாகத் திருகியிருந்தால் கைதட்டல் ஒரு பக்கமாகச் சாயும்.

குரல் குடத்துக்குள் இருந்து வருகிறது

தனியாகக் கேட்டால் நடு ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, மற்றவற்றோடு சேர்ந்தால் உடம்பு இல்லாமல் போகிறது என்றால் ஃபேஸ் தலைகீழாக இருக்கிறது, அதாவது மற்ற ஸ்பீக்கர்களின் கோன் வெளியே தள்ளும்போது இதன் கோன் உள்ளே போகிறது. நடுவிலும் இடதிலும் ஒரே பிங்க் நாய்ஸை விட்டு இரண்டுக்கும் இடையில் நில்லுங்கள். சத்தம் ஓரிடத்தில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதந்தால் ஒன்று மாறியிருக்கிறது. ஆம்ப் தனியாக உள்ள ஸ்பீக்கர் என்றால், ஆம்ப் கேபிளைக் கழற்றிவிட்டு, டிவி ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். "டப்" என்ற சத்தத்தோடு கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் உள்வயர் மாறியிருக்கிறது. ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில் இதைச் செய்யாதீர்கள். அதற்கு எக்ஸ்எல்ஆர் பிளக்கைத் திறந்து 2, 3 எண் முனைகளின் வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

5.1-இல் சரி, ஸ்டீரியோவாகச் சுருக்கினால்தான் மோசம் என்றால் என்கோடரின் டவுன்மிக்ஸ் அமைப்பு. நடுச் சேனல் இரண்டு பக்கமும் மைனஸ் 3 டெசிபலில் சேரும். பின் சேனல்களுக்கும் வழக்கமாக அதே மைனஸ் 3. கைதட்டலும் எதிரொலியும் குரலை மூடினால் பின் சேனல்களை மைனஸ் 6-க்கு இறக்குங்கள். பின் சேனலைப் பிறகு பிரித்தெடுக்கும்படி ஸ்டீரியோவுக்குள் மடித்து வைக்கும் மேட்ரிக்ஸ் முறை டவுன்மிக்ஸில், பின் சேனல் இடதிலும் வலதிலும் எதிரெதிர் ஃபேஸில் ஏறும். அதை மோனோவாக்கினால் பின்னால் இருந்தது மறைந்துபோகும். அது அப்படித்தான்.

தியேட்டர் மிக்ஸை வீட்டுக்கு மாற்றும்போது பின்னால் இரைச்சல் கூடினால், சரவுண்டுக்கு 3 டெசிபல் குறைப்பு என்ற டிக்கைத் தேடுங்கள். தியேட்டரில் பின் சேனல்கள் ஒவ்வொன்றும் 82-இல் அளக்கப்படும், வீட்டில் முன்னாலிருப்பதற்குச் சமமாக. வித்தியாசம் அந்த 3-தான். முதலிலிருந்தே வீட்டு அளவில் செய்த மிக்ஸுக்கு அந்த டிக் போடக் கூடாது.

என்கோட் செய்ததும் சத்தம் இறங்கிவிட்டது, தம்பூரா மூச்சு விடுகிறது

"உங்க என்கோடர் பாட்டோட உயிரையே எடுத்துடுச்சு சார்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம். உயிர் எங்கும் போகவில்லை; 4 டெசிபல் போயிருக்கிறது. டயலாக் நார்ம் என்ற எண்தான் காரணம். மைனஸ் 1 முதல் மைனஸ் 31 வரை வைக்கலாம். பெரும்பாலான என்கோடர்கள் மைனஸ் 27 என்று வைத்தே வரும். குரலின் சராசரி அளவு இதுதான் என்று நீங்கள் சொல்கிறீர்கள்; எல்லா நிகழ்ச்சியிலும் குரல் மைனஸ் 31-இல் நிற்கும்படி ரிசீவர் இறக்கிக்கொள்கிறது. 27-க்கும் 31-க்கும் உள்ள வித்தியாசம் 4. ஒப்பிட்டுக் கேட்கும்போது மூலத்தை 4 டெசிபல் இறக்கிவிட்டுக் கேளுங்கள், உயிர் திரும்பி வரும்.

சத்தம் குறையக் கூடாது என்று மைனஸ் 31 வைப்பது குறுக்கு வழி. அதன் பலனை டைனமிக் ரேஞ்ச் பிரிவில் அனுபவிப்பீர்கள். பலத்த சத்தத்தை அமுக்கி மெல்லியதை ஏற்றும் கம்ப்ரஷன் அங்கே இருக்கிறது; எது அதிகம், எது குறைவு என்று அது முடிவு செய்வது இதே எண்ணை வைத்துத்தான். குரல் உண்மையில் மைனஸ் 18-இல் இருக்க, நீங்கள் 31 என்று சொன்னால், கச்சேரி முழுவதும் கத்தல் என்று அது எடுத்துக்கொள்ளும். தனி ஆவர்த்தனத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொரு பலத்த அடிக்கும் தம்பூரா உள்ளே அமுங்கி, அடி ஓய்ந்ததும் மெல்ல மேலே வரும். யாரோ வால்யூமைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. குரலை அளந்து உண்மையான எண்ணைப் போடுங்கள். இசைக்கு அந்த கம்ப்ரஷனின் லைன் மோடு ப்ரொஃபைலை "நன்" (None, கம்ப்ரஷன் வேண்டாம்) என்று வையுங்கள்.

சுருதி ஏறிவிட்டது

சிரிக்காதீர்கள், நடக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் எல்லாம் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும். சுருதி ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பார். அந்த இடத்துக்கு ஆர்மோனியத்தில் கட்டையே இல்லை. படத்துக்கும் டிவிடிக்கும் போகிற வேலை என்றால் ஆரம்பத்திலிருந்தே 48-இல் பதியுங்கள்.

சுருதி சரி, ஆனால் இடையிடையே "டிக்" கேட்கிறது என்றால் கடிகாரச் சண்டை. சவுண்ட் கார்டும் பிராசசரும் தனித்தனியாக இன்டர்னல் க்ளாக்கில் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் இன்டர்னலில் விட்டு, மற்றதை அதன் டிஜிட்டல் உள்ளீட்டையோ வேர்ட் க்ளாக்கையோ (பெட்டிகளை ஒரே கடிகாரத்தில் ஓட்டும் தனி சிக்னல்) பின்பற்றும்படி மாற்றுங்கள்.

பதிவுத் தாளில் மைக், கெயின், சாம்பிள் ரேட்டோடு பாடகரின் கட்டையையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். என்கோட் ஆகி வந்த கோப்பை ஓட்டி, போனில் சுருதிப் பெட்டி ஆப்பைத் திறந்து அந்தக் கட்டையில் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போனால் கோப்பு கிளம்பும்.